பெயரைத் தேடினால் கிடைக்காது, ஊரைத் தேடுங்கள்

சிங்கப்பூரின் பழைய நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்க வடிவில் இணையத்தில் வைத்துள்ளது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அதில் ‘ராமசாமி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். கடைசி எழுத்து ‘ஐ’யா, ‘ஒய்’யா? நடுவில் ‘டபிள்யூ’ உண்டா? ‘எஸ்’ ஒன்றா, இரண்டா? அந்தக் கால எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். அதே மனிதர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறுவிதமாகவும் இருப்பார். எல்லா எழுத்துக்கூட்டலையும் முயன்று முடித்தாலும், திரையில் வருவது நூற்றுக்கணக்கான ராமசாமிகள். அவர்களில் யார் உங்கள் கொள்ளுத் தாத்தா?

பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவம் எங்களுக்குக் கிடைத்த பணி, மூன்று தலைமுறைக்கு முந்திய ஒருவரை ஆவணங்களைக் கொண்டு தேடுவது. என் வகுப்பிலிருந்த சீன மாணவி இரண்டே வாரத்தில் பாதி வேலையை முடித்துவிட்டார். அவருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. சில சீனக் குடும்பங்களில் பரம்பரை ஏடும் உண்டு. புக்கிட் பிரௌன் இடுகாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் சமாதிகள் இருந்தன. பல கல்லறைகளில் இறந்தவரின் பெயரோடு சீனாவில் அவரது பூர்வீக ஊரும் செதுக்கப்பட்டிருக்கும். அந்த இடுகாட்டின் புதைப்புப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

நமக்கு அப்படி இல்லை. அப்பாவின் பெயர் பிள்ளைக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. பேரனிடம் வரும்போது அதுவும் மறைந்துவிடுகிறது. இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் உடலை எரித்து அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். படிக்கக் கல்லும் இல்லை.

கட்டுண்டு போனவர்களுக்குப் பட்டியல் உண்டு

இந்தத் தேடலில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 152,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், வட்டம், கப்பல். மொரிஷியஸின் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கும் பதிவேடுகளில் பலருக்குப் புகைப்படம்கூட உண்டு. மனிதரைச் சொத்தைப்போல எண்ணி வைத்த அதே தாள்தான், இன்று டர்பனில் இருக்கும் ஒரு பேத்திக்குத் தன் பாட்டனின் கிராமத்தைக் காட்டுகிறது.

சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பலவிதம். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கு அனுப்பப்பட்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்களுடைய உழைப்பில் எழுந்தவை. 1873ல் அந்த முறை முடிவுக்கு வந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. இவற்றில் எதிலும் சேராமல், அண்ணனோ மாமனோ கடிதம் போட்டு அழைக்க, கடன் வாங்கிக் கப்பலேறியவர்களும் ஏராளம். துறைமுகம், நகராட்சி, கடற்படைத் தளம், செட்டியார் கிட்டங்கி, சிராங்கூன் சாலைக் கடைகள் என்று அவர்கள் பரவினார்கள். அவர்களுக்கு ஒப்பந்த எண் கிடையாது. சுதந்திரமாக வந்ததால் தடயம் குறைவு. என் கொள்ளுத் தாத்தா அந்த ரகம்.

ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதை நான் விட்டுவிட்டேன். பிடிக்க வேண்டியவை ஊர், முகவரி, வேலை இடம்.

சான்றிதழ் சொன்னதும் சொல்லாததும்

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. அவற்றின் பிரதிக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. முகவரி என்ற இடத்தில் ‘கடற்படைத் தளம்’. அந்த ஒரு சொல் போதும். 1938ல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்களும் மலையாளிகளும் வேலை செய்தனர், அங்கேயே குடியிருந்தனர். 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அந்தக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசியவர்களின் குரலைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் கேட்கலாம். 1979ல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் பதிவுகளில் பல தமிழிலேயே உள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. என் குடும்பத்தை அறியாத யாரோ ஒரு முதியவர் சொல்லும் வரிசை வீடுகளும் பொதுக் குழாயடியும் என் தாத்தா வளர்ந்த இடமும் ஒன்றுதான்.

அடுத்துக் கிடைத்தது கொள்ளுத் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ். 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் தயங்காமல் பதிந்துகொள்ள வேண்டும் என்று தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி வலியுறுத்தினார். அப்படிப் பதிந்த தாள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். எங்கள் தாளில் பிறந்த இடம் ‘தஞ்சாவூர்’ என்று மட்டும் இருந்தது.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் இன்று நான்கு மாவட்டங்கள். நாகப்பட்டினம் 1991லும் திருவாரூர் 1997லும் மயிலாடுதுறை 2020லும் பிரிந்தன. புதுக்கோட்டைக்காரர்களுக்கு வேறு சிக்கல்: 1948 வரை அது தனி சமஸ்தானம். அதற்கு முந்திய ஆவணங்களைச் சென்னை மாகாணக் கோப்புகளில் மட்டும் தேடினால் போதாது. தென்காசி, கடையநல்லூர் வழிவந்த முஸ்லிம் குடும்பங்களின் பழைய தாள்களில் ‘திருநெல்வேலி’ என்றிருக்கும். தென்காசி தனி மாவட்டமானது 2019ல்தான்.

பாட்டியின் மைலோ டின்

என் பாட்டி, அப்பாவின் அம்மா, சிங்கப்பூரிலேயே பிறந்தவர். மாமனாரின் ஊருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. “குலதெய்வம் எது பாட்டி?” என்று கேட்டேன். குலதெய்வக் கோயில் ஊரோடு ஒட்டியது. அது தெரிந்தால் ஊர் தெரியும் என்று நினைத்தேன். “அய்யனார்” என்றார். தஞ்சை வட்டாரத்தில் அய்யனார் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

பிறகு கேள்வியை மாற்றினேன். மாமனார் யாருக்குப் பணம் அனுப்பினார்? அவருக்குக் கடிதம் படித்துக் காட்டியது யார்? இதற்குப் பாட்டி பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். உள்ளே நீல நிற வான்கடிதங்கள் ஏழு. அனுப்பியவர் முகவரியில் ‘மங்கலம்’ என்று முடியும் ஓர் ஊர்ப் பெயர், கீழே ‘மாயவரம் வழி, நன்னிலம் தாலுகா’. மாயவரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. 1982ல் பெயர் மாறியது. நன்னிலம் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆறு வாரமாகக் காப்பகத்தில் கிடைக்காதது சமையலறை அலமாரியில் இருந்தது.

வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் “உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். “அதெல்லாம் என்ன இருக்கு” என்றுதான் பதில் வரும். ரஜூலா கப்பலில் எங்கே படுத்தார்கள், செயின்ட் ஜான்ஸ் தீவில் எத்தனை நாள் தடுத்து வைத்தார்கள், கரையில் யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று கேளுங்கள். பழைய இடப்பெயர்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலைப் பகுதியை அந்தக் காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றார்கள், அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால். இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் எதுவும் வராது. தெரியாத பெயரென்று நீங்கள் அடித்துவிட்டால், ஒரு முகவரியையே அடித்துவிடுகிறீர்கள்.

சிலர் சொல்ல மறுப்பார்கள். ஊரில் விட்டுவந்த சாதிப் பெயர், அங்கே இருந்த இன்னொரு குடும்பம், சிறைவாசம். காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு கேள்விக்குப் பாட்டி என்னிடமும் பேச்சை மாற்றினார். நான் திரும்பக் கேட்கவில்லை. பணிக்கான மதிப்பெண்ணைவிட அது பெரிது என்பது என் எண்ணம்.

பெண்கள் இந்தத் தாள்களில் மிகக் குறைவாகவே வருகிறார்கள். கொள்ளுத் தாத்தாவின் மனைவியின் பெயர் ஒரே ஓர் இடத்தில், தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில், தாய் என்ற கட்டத்தில் இருக்கிறது. நாளிதழ்களிலும் ஏழைகளின் பெயர் வருவது பெரும்பாலும் விபத்து அல்லது நீதிமன்றச் செய்தியில்தான். தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதை. பட்டாவும் சிட்டாவும் நிலம் வைத்திருந்தவர்களைச் சொல்லும்; அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்களைச் சொல்லாது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்குமுன், உங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இருந்ததில்லை என்கிறார் பாட்டி.

நன்னிலம் வட்டாரத்தில், கடிதத்தின் மங்கிய மைக்குப் பொருந்தக்கூடிய ‘மங்கலம்’ ஊர்களாக இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடும், மழைக்காலத்தில் மூங்கில் பாலத்தில் கடக்க வேண்டும் என்று மாமனார் சொன்னதாகப் பாட்டிக்கு நினைவு. டிசம்பர் விடுமுறையில் அப்பாவும் நானும் இரண்டு ஊருக்கும் போகிறோம். கடிதங்களைப் படமெடுத்துவிட்டேன், டின்னைப் பாட்டி தர மறுத்துவிட்டார்.