மாதக் கடைசி – 9: சீட்டு ஏலத்தில் அவசரத்தின் விலை

அவசரச் செலவுக்கு ஒரு பணம், முதுமைக்கு ஒரு பணம் என்று நடுத்தரக் குடும்பங்கள் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. நகை அடகிலும் பி.எஃப். முன்பணத்திலும் அது எப்படி வெளிப்படுகிறது என்பது முந்தைய வாரங்களில் வந்துவிட்டது. இந்த வாரம் ஓய்வூதியத்தின் முறை. அதற்கு முன் ஏலச்சீட்டைப் பார்த்தாக வேண்டும். முதுமைக்காகச் சேர்ப்பவரும் அவசரத்தில் தவிப்பவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து விலை பேசிக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதத் தொகையைத் தள்ளு (முன்னதாக எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை) இல்லாமல் சீட்டு நடத்துபவர் எடுத்துக்கொள்வார்; சட்டமும் அதை அனுமதிக்கிறது. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். மூன்றாம் மாதம் ஒருவருக்கு மருத்துவமனைச் செலவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அவர் 30,000 ரூபாய் தள்ளி, 70,000 எடுக்கிறார். தள்ளிய தொகையில் 5,000 ரூபாய் நடத்துபவரின் கமிஷன். மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 கழிவு கிடைக்கிறது. அந்தத் தவணைக்கு எல்லோரும் 3,750 கட்டினால் போதும்.

தொடக்கத்தில் 30,000 வரை போகும் தள்ளு, மாதம் செல்லச் செல்லக் குறைந்து கடைசியில் வெறும் கமிஷனில் வந்து நிற்கும். அப்படி ஓடும் சீட்டில் ஒவ்வொருவரும் இருபது மாதத்தில் கட்டியது சுமார் 88,000 ரூபாய். கடைசி மாதம் வரை காத்திருந்தவருக்கு 95,000 கிடைக்கிறது. அவர் பணம் சராசரியாகப் பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவே சீட்டில் இருந்ததால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீத வட்டி. மூன்றாம் மாதம் எடுத்தவரின் கணக்கு வேறு. அதுவரை அவர் கட்டியிருந்தது 12,500. ஆகவே 70,000-இல் உண்மையான கடன் 57,500 மட்டுமே. அதற்கு ஈடாக, மீதி பதினேழு மாதத்தில் அவர் கட்டுவது 75,500. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கும் மேற்பட்ட வட்டி! வங்கி நகைக்கடனைவிடப் பல மடங்கு அதிகம். எடுத்தவரின் கையில் 70,000 என்ற முழு எண் இருப்பதால், அந்த வட்டி அவர் கண்ணில் படுவதே இல்லை.

பேசப்படாத உண்மை இங்கேதான் இருக்கிறது. காத்திருந்தவரின் 10 சதவீதம் எந்தத் தொழிலின் லாபத்திலிருந்தும் வரவில்லை. அதே அறையில் உட்கார்ந்திருந்தவரின் அவசரத்திலிருந்து வந்தது. அந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் தேவை என்பதே தள்ளை நிர்ணயிக்கிறது. பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்டும் ஜூனில் ஏலம் சூடுபிடிக்கும். தீபாவளிக்கு முன்னும் அப்படியே. யாருக்கும் தேவை இல்லாத மாதத்தில் ஏலம் கேட்க ஆளே இருக்காது. ஓர் ஆசிரியர் குழுச் சீட்டின் பழைய நோட்டைப் புரட்டி, மாதவாரியாகத் தள்ளுத் தொகையை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பள்ளியின் ஆசிரியர் குடும்பங்களுக்கு எப்போதெல்லாம் நெருக்கடி வந்தது என்பது தெரிந்துவிடும். குடும்பச் செலவுகளைப் பற்றிய கணக்கெடுப்புகள் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை.

தெருச்சீட்டு பெரும்பாலும் ஒரு பெண்மணியின் நாணயத்தில் நடக்கிறது. தள்ளு இல்லாமல் எடுக்கும் ஒரு முழுச் சீட்டுதான் அவருக்கு ஊதியம். யாராவது கட்டாமல் போனால் தன் வளையலை வைத்தாவது அன்றைய தொகையைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த நாணயத்துக்கு எந்தச் சட்டமும் துணை நிற்பதில்லை என்பது வேதனை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டு நிதிச் சட்டம் வந்தது. மத்தியச் சட்டம் 1982-இல். பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் வைக்க வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019 திருத்தம் அதை 7 ஆக்கியது. கேரள அரசு 1969 முதல் தானே நிறுவனம் வைத்துச் சீட்டு நடத்துகிறது. கர்நாடகத்திலும் அரசு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ஆள் சேர்த்தால் பணம் என்று ஏமாற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடை செய்கிறது. செய்திகளில் அவற்றுக்கும் சீட்டு என்ற பெயரே ஒட்டிக்கொள்வதால், ஒழுங்காக நடக்கும் சீட்டுக்கும் கெட்ட பெயர். வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு மட்டும் எந்தச் சீட்டுக்கும் இல்லை.

இவ்வளவு பயனுள்ள சீட்டு முதுமையில் கைவிட்டுவிடுகிறது. சீட்டை எடுத்த பிறகு மீதித் தவணைக்கு ஜாமீன் வேண்டும். நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் சம்பளச் சான்று. ஓய்வு பெற்றவரிடம் அது இல்லை. சொத்துப் பத்திரமோ வைப்புத்தொகை ரசீதோ கொடுக்க முடியாதவர் கடைசி மாதம் வரை காத்திருக்கலாம். இடையில் வரும் மருத்துவச் செலவுக்குச் சீட்டு உதவாது. வேலையில் இருக்கும் வரை அவசரத்துக்கும் சேமிப்புக்கும் ஒருசேரக் கைகொடுத்தது, கடைசிச் சம்பளத்தோடு பாதியாகிவிடுகிறது. மாதந்தோறும் நிச்சயமாக வரும் ஒரு தொகை அந்த வயதில் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

தனியார் ஊழியருக்கு அப்படி வரவேண்டியது 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் பணம். ஓய்வூதியச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்புக்கு உட்பட்டுப் பணம் கட்டியவருக்கு 35 ஆண்டு உழைத்த பிறகு கிடைப்பது மாதம் 7,500. அந்த வரம்பு எப்படி ஏறியது, நடுவில் ஏன் நின்றது என்பது அடுத்த வாரம்.