ஆடு வளர்ப்போர் தெரிந்ததைச் சொல்வது ஏன், மறைப்பது ஏன்?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அடிவாரக் கிராமங்களிலிருந்தும், ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை போன்ற ஊர்களிலிருந்தும் வருவோருக்கு இதுவே பக்கத்துச் சந்தை. இத்தகைய சந்தைகளில் இரண்டு விதமான பேச்சு நடப்பதைக் கவனிக்கலாம். விலையைப் பற்றி யாரும் எளிதில் வாய் திறப்பதில்லை. மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய வழக்கமே இதற்காக ஏற்பட்டதுதான். அதே ஆட்களிடம் "ஆட்டுக்கு நான்கு நாளாகக் கழிச்சல்" என்று ஒருவர் சொல்லட்டும். கேட்காமலே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

இதற்கு மனம் தாராளமா, குறுகலா என்று பார்க்க வேண்டியதில்லை. விலை இரகசியம் வெளியே போனால் சொன்னவருக்கு நஷ்டம். நோய்க்கு வழி சொல்லாமல் இருந்தால், சொல்லாதவருக்கே நஷ்டம் வந்து சேரும்.

ஆட்டுக்கொல்லி நோய்

இதற்கு நல்ல உதாரணம் ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987-ம் ஆண்டில், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு மூச்சுத் திணறல் என்று நோய் முற்றும். வைரஸால் வருவதால் நேரடி மருந்து கிடையாது. நோயுற்ற ஆட்டின் மூச்சு, சளி, சாணம் வழியாக மந்தைக்கு மந்தை தாவும். ஒரே கரட்டில் மேய்ந்து ஒரே குட்டையில் நீர் குடிக்கும் ஆடுகளில், பக்கத்து வீட்டு மந்தை வேறு, தன் மந்தை வேறு என்று இந்நோய் பார்ப்பதில்லை. ஆகவேதான் தடுப்பூசி முகாம் நடக்கும் செய்தியை ஆடு வளர்ப்போர் வலியச் சென்று சொல்கிறார்கள்.

ஆனால் இங்கேயே ஒரு முடிச்சும் இருக்கிறது. அடுத்தவர் ஆட்டுக்கு வைத்தியம் சொல்பவர், தன் பட்டியில் நோய் கண்டிருப்பதைச் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரி வாசல் ஏற மாட்டான். சிலர் காதும் காதும் வைத்தாற்போல் அந்த ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். வாங்கியவரின் மந்தை சில நாட்களில் படுத்துவிடுகிறது. ஒரு யோசனையைச் சொல்லாமல் விடுவதைவிட இந்தச் செய்தியை மறைப்பதால் வரும் சேதம் பல மடங்கு பெரிது.

எனவே சந்தையில் வாங்கிய ஆட்டை, விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும், மூன்று வாரம் தனியே கட்டிவைக்க வேண்டும். இடமில்லை என்பார்கள். தோப்பின் மறு மூலை போதும். தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும்தான் தனியாக இருக்க வேண்டும். குட்டிகளுக்கு மூன்று மாதம் கடந்ததும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி தடுப்பூசி போட்டால், சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

தேனி மாவட்ட அனுபவம்

மறைக்கும் குணத்தை மாற்ற முடியுமா? தேனி மாவட்டத்தில் 2004-ல் தொடங்கிய ஒரு முயற்சி இதற்கு ஓரளவு விடை தருகிறது. கனடாவிலுள்ள காமன்வெல்த் கல்வி அமைப்பும், விடியல் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்திய விவசாயிகள் வாழ்நாள் கல்வித் திட்டம் அது. பின்னர் ஆடு வளர்க்க வங்கிக் கடன் பெற்ற சுய உதவிக் குழுப் பெண்களுக்கு, அந்தக் கடனிலேயே கைப்பேசிக்கும் இடம் இருந்தது. தீவனம், நோய், விற்பனை பற்றிய சிறு சிறு குரல் செய்திகள் அதில் வந்தன. கேட்டதைப் பெண்கள் தங்களுக்குள் பேசி, செய்து பார்த்தார்கள். குழுவில் ஒருத்தியின் ஆடு செத்துத் தவணை தவறினால் குழுவின் பெயரே கெடும். அப்படிப்பட்ட இடத்தில் மறைப்பதால் லாபம் இல்லை. முதல் நாளே சொன்னால்தான் லாபம்.

சொன்னவருக்குப் பலன் இல்லாத விஷயம் எவ்வளவு பயனுள்ளதானாலும் பரவுவதில்லை. தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இந்தப் பகுதியிலேயே அதற்குச் சான்று உண்டு. உண்ணிக் கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு ஆகியவை பதனிட்ட தோலில் பளிச்செனத் தெரிந்து அதன் மதிப்பைக் குறைக்கும். ஆனால் ஆட்டை உயிருடன் விற்பவருக்கு நல்ல தோலுக்கென்று தனியாகக் காசு வருவதில்லை. ஆகவே இரத்தம் குடித்து ஆட்டை மெலியச் செய்யும் உண்ணியைப் பற்றிப் பேசுவார்கள்; அது தோலைத் துளைப்பதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நாட்டு வைத்தியர் பச்சிலையின் பெயரைச் சொன்னால் பலிக்காது என்பதும் இப்படித்தான். அது அவர் பிழைப்பு.

கைப்பேசிக் குழுக்கள்

இப்போது ஆடு வளர்ப்போர் கைப்பேசியில் குழு சேர்த்துக்கொள்கிறார்கள். காலை வணக்கப் படங்களுக்கு அங்கே குறைவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டால் பயனுண்டு. அனுபவசாலிகள் அதில் நேரம் செலவிடுவது பணத்துக்காக அல்ல. கேட்டவர் நான்கு நாள் கழித்து, "குணமாயிற்று" என்றோ "ஆடு போய்விட்டது" என்றோ திரும்ப வந்து சொல்வதே அவர்களுக்குக் கூலி. அதைச் சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். பதில் சொன்னவர் இரண்டு முறை பார்ப்பார். மூன்றாம் முறை பேசாமல் இருந்துவிடுவார்.

கேட்பவரும் ஆட்டின் வயது, சுமாரான எடை, நோய் தொடங்கிய நாள், கடைசியாகத் தடுப்பூசி போட்ட மாதம் ஆகியவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். குடற்புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை தெரியாமல் ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் அப்படியே கொடுப்பது ஆபத்து. காய்ச்சலோடு மூக்கொழுகலும் கழிச்சலும் சேர்ந்து காணப்பட்டால் குழுவின் பதிலுக்காகக் காத்திராமல், அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் செய்தி சொல்லிவிட்டு, மந்தையை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே நிறுத்தித் தீவனம் போட வேண்டும்.