எதிர் வீடுதான் இரண்டாவது பூட்டு

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் சங்கத்தில் இருவர் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ ஊருக்கு?" என்பதுதான். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளாகக் குறைந்துவிட்டதால், நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்து, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்காகக் காலை 8 மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்கிறோம். இந்த அக்கறையில் கால்வாசியைக்கூட நாம் பூட்டிவிட்டுப் போகும் வீட்டின்மேல் காட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பட்டுத் தெரிந்துகொண்டதை, விடுமுறைக்குக் கிளம்பும் அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

2004 மே மாதம். டோம்பிவிலியில் இரண்டாம் மாடி ஃபிளாட். மூன்று வாரம் திருநெல்வேலிப் பக்கம் சுற்றிவிட்டு, மாம்பழக் கூடையோடு வந்து படியேறினால் வாசல் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. உள்ளே பீரோ திறந்து, துணிமணி தரையில். என் மாமியார் என் மனைவிக்குப் போட்ட அட்டிகை உட்பட 11 சவரன் நகையும், சில வெள்ளிப் பாத்திரங்களும் போய்விட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்ல கனமான பித்தளைப் பூட்டு. அது பூட்டியபடியே, கொண்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. கொண்டியைக் கதவில் பிடித்திருந்தவை நான்கு சிறிய மர ஸ்குரூக்கள். கம்பியை இடுக்கி ஒரு நெம்பு நெம்பியிருக்கிறான், அவ்வளவுதான். ரயில்வே சிக்னல் பிரிவில் அப்போதே 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பூட்டுக்குக் காசு செலவழித்தவன், அது எதில் தொங்குகிறது என்று பார்க்கவில்லை.

அதைவிட உறைத்தது எதிர் ஃபிளாட் மராத்திய அம்மாள் சொன்னது. "மூன்று நாள் முன்னால் ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. நீங்கள்தான் ஊரிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் எழுந்து பார்த்திருப்பேனே!" ஏழு வருஷம் எதிரெதிரே குடியிருந்தோம். பார்த்தால் ஒரு தலையசைப்பு, தீபாவளிக்கு ஒரு தட்டுப் பட்சணம். ஊருக்குப் போகிற விவரத்தை மாதுங்காவில் இருக்கும் சிநேகிதருக்குச் சொன்னேன். ஆறடி தூரத்தில் இருந்தவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். போலீசார், "யார் மேலாவது சந்தேகமா?" என்று கேட்டபோது எங்கள் வாட்ச்மேனைச் சொன்னேன். நேபாளத்துக்காரர். புறப்பட்ட அன்று எங்கள் பெட்டியை ஆட்டோ வரை தூக்கி வந்தவர் அவர்தான். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு நாள் அவரை ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். சொசைட்டி வேலையிலிருந்து நீக்கியது. நான்கு மாதம் கழித்து வேறு ஊரில் ஒரு கும்பல் பிடிபட்டு, எங்கள் வீட்டையும் ஒப்புக்கொண்டது. கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று மாடி மாடியாக ஏறி, வாசலில் குவிந்த பேப்பரையும், எங்கள் வீட்டில் மட்டும் கோலம் இல்லாததையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவரைத் தேடினேன், ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார்கள். நகையில் கொஞ்சம் கோர்ட் மூலம் திரும்பி வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி கிடைக்கவில்லை.

ரயில்வேயில் சிக்னல் ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் பராமரிப்பாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். திறந்த நேரமும் காரணமும் பதிவேட்டில் ஏறும். யாரையும் நம்பாததால் வந்த ஏற்பாடு அல்ல இது. ஒருவர் கண் தவறினால் இன்னொருவர் கண் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். வீட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பூட்டு கதவில், மற்றது எதிர் வீட்டில்.

முதலில் கதவுப் பூட்டைப் பார்ப்போம்.

வாசல் கதவு: கொண்டியை மர ஸ்குரூவில் விடாதீர்கள். கதவைத் துளைத்துப் போல்ட் போட்டு, உட்பக்கம் வாஷரும் நட்டும் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். நிலையில் உள்ள நாதாங்கியும் அதே உறுதியோடு இருக்க வேண்டும். வெளியே தொங்கும் பூட்டு, 'ஆள் இல்லை' என்று எழுதி மாட்டிய போர்டு மாதிரி. கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டுப் போட்டால், வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. கீல் வெளிப்பக்கம் தெரிகிற கதவானால் அதையும் கவனியுங்கள். பின்னைத் தட்டிக் கழற்றிவிடலாம்.

ஜன்னல்: பலர் மறப்பது குளியலறை ஜன்னலை. அடுக்குக் கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட முடியும். பக்கத்திலேயே ஏறுவதற்கு வாகாகத் தண்ணீர்க் குழாய். அங்கும் கிரில் வேண்டும், சுவரில் பதித்ததாக. ஆனால் வீட்டில் ஒரு கிரிலாவது திறக்கும்படி இருக்கட்டும். சாவி எங்கே என்று குழந்தைகளுக்கும் தெரியட்டும். தீப்பிடித்தால் நாமும் வெளியேற வேண்டுமே!

அடையாளங்கள்: பேப்பரையும் பாலையும் நிறுத்துங்கள். இரவு பகலாக எரியும் ஒற்றை பல்பு யாரையும் ஏமாற்றாது. மாலையில் போட்டு இரவில் அணைக்கும் டைமர் நல்லது. சாவியைத் துளசித் தொட்டியிலும் மீட்டர் பெட்டியிலும் ஒளிப்பது நமக்கு முன்பே திருடனுக்குத் தெரிந்த விஷயம். குற்றால அருவியில் குளிக்கும் படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் போடாமல், திரும்பி வந்து போடுங்கள். அருவி எங்கும் போய்விடாது.

நகை: வங்கி லாக்கர்தான் பத்திரம். ஆனாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும். 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியில் திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் உள்ளது போனால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாயானால் 3 லட்சம். ஆகவே ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடையும் ரசீதும் சேர்த்து வையுங்கள். ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருந்தால் அதையும் குறியுங்கள். எங்கள் நகையில் பாதியை இன்னதுதான் என்று காட்ட எங்களிடம் ஒரு கல்யாண போட்டோவைத் தவிர வேறில்லை.

நடந்துவிட்டால்: திறந்து கிடக்கும் வீட்டுக்குள் நுழையாதீர்கள், ஆள் உள்ளேயே இருக்கலாம். எதையும் தொடாமல் 112-க்குப் போன் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். கண்டதைச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாமல் ஏழை ஒருவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். வேலைக்காரம்மா, வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் ஆகியோர் பெயர்தான் நம் வாயில் முதலில் வருகிறது. திருட்டுப் போன நகை ஒரு வேளை திரும்பி வரும். போன பெயர் வராது.

இனி இரண்டாவது பூட்டு. இதற்குப் பணச் செலவு இல்லை. கொஞ்சம் மராத்தியோ இந்தியோ பேசும் கூச்சத்தை விட்டால் போதும். திருட்டு நடந்த மறு வருஷம் எதிர் வீட்டில் போய் உட்கார்ந்து, நாங்கள் புறப்படும் தேதி, திரும்பும் ரயில், வீடு வந்து சேரும் நேரம், ஊர் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சாவியும் கொடுத்தேன். அந்த அம்மாள் தாளைப் படித்துவிட்டு, கணபதி விழாவுக்குக் கொங்கணத்தில் தங்கள் கிராமத்துக்குப் போகும் தேதியை அதன் பின்புறமே எழுதித் தந்தார். தங்கள் சாவியையும் தந்தார். 20 வருஷமாகியும் இந்தப் பரிமாற்றம் நின்றதில்லை. எங்கள் மாடியில் நான்கு ஃபிளாட்டிலும் இப்போது இதே பழக்கம். புதிதாக வந்த வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம்.

சென்ற மே மாதம் ஊரிலிருந்து திரும்பினோம். விடியற்காலை நாலரை மணி. நான் பூட்டில் சாவியைப் போட்டதும் எதிர்க் கதவு திறந்தது. "நீங்கள்தானா?" என்று பார்த்துவிட்டு, அந்த அம்மாள் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் வாசலில் அவர் முந்தின நாள் போட்ட ரங்கோலி கலையாமல் இருந்தது.