உஷார்! வாசலைத் தாண்டும் முன்பே வழியை முடிவு பண்ணிவிடுங்கள்

சென்னை விமான நிலையத்தில் இறங்கி குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆவடி என்று புறநகருக்குப் போகிறவர்களுக்கு ஓர் அவசர எச்சரிக்கை. முக்கியமாக, பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக வரும் வயதான பெற்றோரும், ராத்திரி விமானத்தில் வந்து இறங்கும் பெண்களும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கார் வாடகைக்கு எடுக்காமலே வீடு போய்ச் சேர நல்ல வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்த வழி என்று வெளியே வந்து நின்றுகொண்டு யோசித்தால், உங்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிடுவார்கள்.

எப்படி என்று பாருங்கள். கதவைத் தாண்டி நாலு அடி வைத்ததும் "டாக்ஸியா சார்? தாம்பரமா மேடம்?" என்று ஒரு குரல். பதில் சொல்வதற்குள் டிராலியின் கைப்பிடியில், உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கை வந்து உட்கார்ந்திருக்கும். "டிரெயின் முடிஞ்சிருச்சும்மா, மெட்ரோவும் மூடிட்டான்" என்பார். மணி அப்போது ஒன்பதரைதான் ஆகியிருக்கும். மெட்ரோ ராத்திரி 11 மணி வரை ஓடுகிறது. மின்சார ரயில் அதற்கப்புறமும் உண்டு. அந்த ஒரு பொய்யை நம்பிப் பின்னால் போனால், வண்டி பார்க்கிங்கின் ஏதோ ஒரு மூலையில் நிற்கும், பெட்டி டிக்கியில் ஏறிவிடும், ரேட்டு அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வரும்.

அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: நம்பர் பிளேட். வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். எலெக்ட்ரிக் டாக்ஸி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும், ஓட்டியவர் யார் என்று கேட்டாலும் எந்தப் பதிவும் இருக்காது. வெள்ளை போர்டைப் பார்த்தால், டிரைவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி, பெட்டியை இறக்கிவிடுங்கள்.

வெளியே வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. வெளியே வந்துவிட்டால் விமான டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்ததும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்காருங்கள். வெளிநாட்டு சிம்மோடு வருகிறவர்களுக்கு இங்கேதான் முதல் சிக்கல். கேப் ஆப் ஓடிபி கேட்கும், இலவச வைஃபையும் ஓடிபி கேட்கும், இரண்டும் பழைய இந்திய நம்பருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆப்பில் லாகின் ஆகியிருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன்பே பார்த்து வையுங்கள். அடுத்தது காசு. ஊருக்குப் போகும்போது உதவும் என்று பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கும் 2000 ரூபாய் நோட்டை நம்பி வராதீர்கள். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது, கடையிலும் ஆட்டோவிலும் யாரும் வாங்கமாட்டார்கள். கையில் பத்து, இருபது, நூறு என்று சில்லறையாக இருக்கட்டும்.

இனி வழிக்கு வருவோம். தெற்கே போகிறவர்கள், அதாவது பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு பக்கம் போகிறவர்கள், மெட்ரோவில் ஏறிவிடாதீர்கள். மெட்ரோ விமான நிலையத்திலிருந்து வடக்கே நகரத்துக்குள்தான் போகிறது. கிளாம்பாக்கம் வரை நீட்டிப்பதற்குத் திட்டம் இருக்கிறது, ரயில் இன்னும் ஓடவில்லை. உங்களுக்கு வேண்டியது ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திரிசூலம் ஸ்டேஷன். சுரங்கப்பாதை வழியாக மட்டும் போங்கள். படியில் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கிறதே என்று ரோட்டின் குறுக்கே ஓடுவது உயிருக்கே ஆபத்து, அங்கே பஸ்ஸும் லாரியும் வருகிற வேகம் அப்படி. தாம்பரம் பக்கம் போகும் மாநகரப் பேருந்துக்கும் ஸ்டேஷன் பக்கம்தான் நிற்க வேண்டும்.

திரிசூலத்திலிருந்து தாம்பரத்துக்கு சாதாரண டிக்கெட் 5 ரூபாய்தான். ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து இதே தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். பிளாட்ஃபாரத்தில் பளபளவென்று வந்து நிற்கிறதே என்று சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் அபராதம் கட்ட வேண்டியதுதான். முதல் வகுப்புப் பெட்டியும் அப்படியே. குடும்பத்தோடு வரும் ஆண்கள் பெட்டிகளோடு அவசரத்தில் லேடீஸ் கோச்சில் ஏறிவிடுவதும் உண்டு, அதற்கும் அபராதம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் வண்டியின் நெற்றியில் இருக்கும் போர்டு. தாம்பரம் என்று போட்ட வண்டி தாம்பரத்தோடு சரி. கூடுவாஞ்சேரிக்குப் போகிறவர் அதில் ஏறினால் ராத்திரி பதினொரு மணிக்குத் தாம்பரம் பிளாட்ஃபாரத்தில் அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா? அன்றைக்கு வண்டிகளே குறைவு. பராமரிப்பு வேலை என்று நடுவில் சில மணி நேரம் ரத்தும் செய்வார்கள். 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக நாள்கணக்கில் மின்சார ரயில்களை ரத்து செய்தபோது, அறிவிப்பைப் பார்க்காமல் வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டிக்கெட் போட்ட கையோடு ரயில்வே அறிவிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்குத்தான் மெட்ரோ. நேராக சென்ட்ரல் போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் மேற்குத் தடத்து ரயிலைப் பிடிக்கலாம். வடபழனி, கோயம்பேடு பக்கம் என்றால் ஆலந்தூரில் மாறிக்கொள்ள வேண்டும். ஆனால் கோயம்பேட்டில் போய் இறங்கித் தென்மாவட்டத்துக்கு பஸ் பிடிக்கலாம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உஷார்! 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்து பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. எதிர்த்திசையில் போய் நின்று அரை ராத்திரியில் திரும்பி வருவது பெரிய அவஸ்தை.

நள்ளிரவு தாண்டி இறங்கினால் கதையே வேறு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் எத்தனையோ விமானங்கள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. ரயில் மறுபடி ஓட விடியற்காலை நாலு மணிவாக்கில் ஆகும். தனியாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் ரோட்டுக்கு வந்து ஆட்டோ தேடவே கூடாது. ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். டிரைவருக்கான சீட்டை வீட்டு வாசலில் இறங்கிய பிறகே கொடுங்கள். ஆப்பில் புக் செய்தால் வண்டி டெர்மினல் வாசலுக்கு வராது, பல அடுக்கு கார் பார்க்கிங்கில்தான் ஏற வேண்டும். "எங்க டிராப்? கேஷா ஆன்லைனா?" என்று டிரைவர் கேட்பார். அதோடு நிற்காமல் "கேன்சல் பண்ணிடுங்க, அதே ரேட்டுக்கு நானே விட்டுடறேன்" என்று ஆரம்பித்தால் அந்த வண்டியே வேண்டாம். கேன்சல் செய்த நொடியில் நீங்கள் அந்த வண்டியில் போவதற்கான சாட்சி அழிந்துவிடுகிறது. நம்பர் பிளேட்டை ஆப்பில் உள்ளதோடு ஒத்துப் பார்த்த பிறகே ஓடிபியைச் சொல்லுங்கள், பயண விவரத்தை வீட்டுக்கு ஷேர் பண்ணுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 112, ரயிலில் என்றால் 139.

கடைசி ஒரு கிலோமீட்டரையும் அலட்சியப்படுத்தாதீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்றால் கிழக்கு வாசல், முடிச்சூர் என்றால் மேற்கு வாசல். பெட்டிகளோடு தப்பான பக்கம் இறங்கி, திரும்பப் படியேறுவது முதியவர்களுக்குப் பெரும் பாடு. பகலில் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றும் ஷேர் ஆட்டோ ராத்திரியில் ஸ்பெஷல் சவாரியாக மாறிவிடும். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரை ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். நவம்பர், டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கிறதா என்றும் வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விமான நிலையத்தையே மூடினார்கள், முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் தண்ணீர் நின்றது. மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தால், தெருமுனை வரையாவது வண்டி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் அன்று ராத்திரி நகரத்துக்குள் உறவினர் வீட்டிலேயே தங்கிவிடுங்கள்.