தோட்டாவின் அளவைத் தீர்மானிப்பது யார்?

குடிமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கையில் உலகில் முதலிடம் வகிக்கும் நாடு அமெரிக்கா. ஜெனீவாவில் இயங்கிவரும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்னும் ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2017-ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்களிடம் இருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள் என்பது கணக்கு. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடையில்லாத வயதுவந்த எவரும், தனி அனுமதி ஏதுமின்றி அதனை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். அங்கே துப்பாக்கி வாங்க முற்படும் ஒருவர் முன் நிற்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, அது எந்தக் 'காலிபர்' என்பதாகும்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதிலிருந்து பாயும் குண்டின் விட்டத்தையும் அதுவே குறிக்கிறது. அமெரிக்க வழக்கில் .22, .38, .45 என அங்குலத்தின் பின்னமாகவும், ஐரோப்பிய வழக்கில் 9 மி.மீ., 10 மி.மீ. எனவும் அதனைக் குறிப்பார்கள். .45 என்றால் ஏறக்குறைய 11.4 மி.மீ. ஆனால், பெயர்கள் எப்போதும் துல்லியமானவை அல்ல. '.38 ஸ்பெஷல்' எனப்படும் தோட்டாவிலுள்ள குண்டின் விட்டம் உண்மையில் .357 அங்குலம். '.357 மேக்னம்' தோட்டாவின் குண்டுக்கும் அதே விட்டம்தான். தோட்டாக் கூடு சற்று நீளமானது, உள்ளே எழும் அழுத்தம் மிக அதிகம். ஆகவே, குண்டின் விட்டத்தோடு அதன் எடையையும் வேகத்தையும் சேர்த்தே தோட்டாவின் வலிமையைக் கணக்கிட வேண்டும்.

கார் வாங்குபவர் இஞ்சின் திறனைப் பற்றி விவாதிப்பதைப் போல, அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் காலிபர் பற்றி விவாதித்து வருகிறார்கள். அவரவர் விருப்பத்தைச் சார்ந்த செய்தியாகவே அது அவர்களுக்குத் தோன்றுகிறது. பொருளியல் நோக்கில் பார்த்தால், இந்தத் தேர்வில் தனிமனித விருப்பத்தின் பங்கு நாம் எண்ணுவதைவிடக் குறைவு. அரசின் கொள்முதல், தோட்டாவின் விலை, பிறர் எதை வாங்குகிறார்கள் என்பது, நாட்டின் சட்டம் ஆகிய நான்குமே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றன. அத்தேர்வின் விளைவும் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை.

பயன்பாட்டிலிருந்து தொடங்குவோம். 1887-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள '.22 லாங் ரைஃபிள்' மிக மலிவான தோட்டா. அதிர்வும் ஓசையும் குறைவு. இலக்குப் பயிற்சிக்கும் முயல், அணில் வேட்டைக்கும் அதுவே போதும். மான் வேட்டைக்கு அது போதாது. காயம்பட்ட விலங்கு நெடுநேரம் துன்புற்று இறக்கும் என்பதால், பல மாநிலங்களின் வேட்டை விதிகள் மானைச் சுட அதனை அனுமதிப்பதில்லை. ஒலிம்பிக் போன்ற போட்டிகளிலோ விதிமுறையே காலிபரைத் தீர்மானித்துவிடுகிறது. பாரீஸில் 2024-இல் மனு பாக்கர் பதக்கம் வென்ற 10 மீட்டர் பிரிவில் 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி மட்டுமே பயன்படும். வேட்டையிலும் விளையாட்டிலும் இவ்வாறு தேவை தெளிவாக இருப்பதால் தேர்வும் எளிதாகிறது.

தற்காப்புக்கென உடன் எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியில்தான் சிக்கல் எழுகிறது. பெரிய குண்டு பெரிய காயத்தை உண்டாக்கும் என்பது உண்மையே. அதே வேளையில், தோட்டாவின் வலிமை கூடக் கூடச் சுடுபவரின் கையில் பின்னுதைப்பும் கூடும். அடுத்த முறை குறிபார்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். மேகசினில் அடங்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறையும். குளோக் நிறுவனத்தின் முழு அளவுக் கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்டால், 9 மி.மீ. வகையில் 17 தோட்டாக்களும், .40 வகையில் 15-உம், .45 வகையில் 13-உம் அடங்குகின்றன. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்னும் பொருளியலின் முதற்பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது. வலிமையின் ஒவ்வொரு கூடுதல் அலகும் தரும் பயன் குறைந்துகொண்டே போக, அதற்குக் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது.

இந்தச் சமநிலை எங்கே அமைய வேண்டும் என்பதை அமெரிக்கச் சந்தைக்குக் காட்டி வந்தது அரசுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை எதிர்கொண்ட அமெரிக்கப் படையினர், தங்கள் .38 ரிவால்வர்களால் பாய்ந்து வருபவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை என்று முறையிட்டனர். 1904-இல் தாம்சன், லாகார்டு என்ற இரு இராணுவ அதிகாரிகள், சிகாகோ இறைச்சிக்கூடக் கால்நடைகளின் மீதும் மனிதச் சடலங்களின் மீதும் சுட்டுச் சோதித்து, இராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தனர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை 1911-இல் இராணுவம் ஏற்றது. முக்கால் நூற்றாண்டு அதுவே நிலைத்தது. '.45-தான் ஆண்மைக்குரிய தோட்டா' என்ற எண்ணம் அமெரிக்கரிடையே வேரூன்றியதற்கு அந்த இராணுவ முடிவே பெரிதும் காரணம். ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் 1902-இல் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டா ஐரோப்பாவெங்கும் பரவி நேட்டோவின் பொதுத் தோட்டாவாகவும் ஆனபின், 1985-இல் அமெரிக்க இராணுவமும் 9 மி.மீ. பெரெட்டாவுக்கு மாறியது.

அடுத்த ஆண்டே காற்று எதிர்த்திசையில் வீசியது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரு கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையரில் ஒருவன் மீது தொடக்கத்திலேயே பாய்ந்த 9 மி.மீ. குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதன் பின்னர் எஃப்.பி.ஐ. குண்டின் ஊடுருவலுக்கு ஓர் அளவுகோலை வகுத்தது, 10 மி.மீ. தோட்டாவையும் தேர்ந்தெடுத்தது. அதன் பின்னுதைப்பு பலருக்கும் கடினமாக இருந்தமையால், அதைச் சுருக்கி 1990-இல் '.40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்' தோட்டா உருவாயிற்று. காவல்துறைகள் கூட்டம் கூட்டமாக அதற்கு மாறின, பொதுமக்களும் பின்தொடர்ந்தனர். கால் நூற்றாண்டு கழித்து, குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டதால் 9 மி.மீ. தோட்டாவே போதும் என்றும், அதனைக்கொண்டு பெரும்பாலான அதிகாரிகள் இன்னும் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்றும் அதே எஃப்.பி.ஐ. முடிவு செய்தது. 2016-இல் 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமும் செய்தது. காவல்துறைகள் கழித்த .40 துப்பாக்கிகள் பழைய சரக்குச் சந்தையில் மலிவாகக் குவிந்தன.

அரசு வாங்கும் பொருளைப் பொதுமக்களும் வாங்குவதற்கு மதிப்புணர்வு மட்டும் காரணமன்று. துப்பாக்கியும் தோட்டாவும் இணைப்புப் பண்டங்கள். பேனாவும் மையும் போல, ஒன்றில்லாமல் மற்றதற்குப் பயனில்லை. துப்பாக்கியின் விலை ஒருமுறை கொடுப்பது. தோட்டாவின் விலை பயிற்சி செய்யும் நாளெல்லாம் கொடுப்பது. இராணுவமும் காவல்துறையும் கோடிக்கணக்கில் வாங்கும் தோட்டாவை ஆலைகள் பேரளவில் உற்பத்தி செய்கின்றன. அதனால் அதன் விலை குறைகிறது. எந்தக் கடையிலும் அது கிடைக்கிறது. விலை குறைவதால் மேலும் பலர் வாங்குகிறார்கள். அதனால் விலை மேலும் குறைகிறது. இதனைப் பொருளியலில் வலைப்பின்னல் விளைவு என்பார்கள். அபூர்வமான காலிபர் ஒன்றை வாங்கியவர், தோட்டாவுக்குக் கூடுதல் விலை கொடுத்து, குறைவாகவே பயிற்சி செய்வார். பயிற்சியற்றவர் கையில் எந்தக் காலிபரும் பாதுகாப்பானதன்று.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் நடந்த படுகொலைக்குப் பின், கடும் சட்டங்கள் வரக்கூடும் என்ற அச்சத்தில் மக்கள் தோட்டாக்களை வாங்கிக் குவித்தனர். மிகச் சாதாரணமான .22 தோட்டாகூட நெடுநாள் கடைகளில் கிடைக்கவில்லை. பெருந்தொற்று ஆண்டான 2020-இல், துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் 3 கோடியே 97 லட்சத்தை எட்டியபோது, 9 மி.மீ. தோட்டாவின் விலை பல மடங்கு ஏறியது. வங்கி திவாலாகும் என்று அஞ்சி அனைவரும் ஒரே நாளில் பணத்தை எடுக்க ஓடினால் வங்கி திவாலாவதைப் போன்றதே இது. அனைவரும் ஒன்றையே சார்ந்திருந்தால், தட்டுப்பாடும் அனைவருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

சட்டமும் காலிபரைத் தேர்ந்தெடுக்கிறது. இராணுவத் தோட்டா என்ற காரணத்தால் இத்தாலி 9 மி.மீ. தோட்டாவைக் குடிமக்களுக்கு நெடுங்காலம் மறுத்து, 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை அங்கே, 19 மி.மீ. நீளக் கூட்டுக்குப் பதிலாக 21 மி.மீ. நீளக் கூடு கொண்ட, ஏறத்தாழ அதே வலிமையுள்ள தோட்டாவைச் சந்தை வழங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. உரிமம் பெற்றவருக்காகக் கான்பூர் ஆலை செய்யும் ரிவால்வர் .32 ஆக இருப்பதற்கும், பெண்களின் தற்காப்புக்கென 2014-இல் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வர் அதே காலிபரில் அமைந்ததற்கும் ஆயுதச் சட்டமே அடிப்படை. வட மாநிலங்களில் 'கட்டா' எனப்படும் கள்ளத் துப்பாக்கிகள் பலவும், உரிமதாரர்களுக்கென விற்கப்படும் .315, 12 போர் தோட்டாக்களுக்கு ஏற்பச் செய்யப்படுகின்றன. கள்ளச்சந்தையின் காலிபரையும், தோட்டா எளிதில் கிடைப்பதே தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில்தான் காலிபர் விவாதம் பொழுதுபோக்கு என்னும் எல்லையைத் தாண்டுகிறது. தற்காப்புக்கென வாங்கப்படும் துப்பாக்கி வாங்கியவரிடமே இருந்துவிடுவதில்லை. களவு போகிறது, கைமாறுகிறது. அமெரிக்கக் குற்றங்களில் பயன்படும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை முதன்முதலில் சட்டப்படி விற்கப்பட்டவையே. ஆகவே, கடையில் பெருகும் காலிபர் சில ஆண்டுகளில் தெருவிலும் பெருகுகிறது.

அதன் விளைவை ஆண்டனி பிராகா, பொருளியலாளர் பிலிப் குக் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கித் தாக்குதல்களை அவர்கள் ஒப்பிட்டனர். .22, .25, .32 ஆகிய சிறு காலிபர்களால் சுடப்பட்டவரோடு ஒப்பிடும்போது, 9 மி.மீ., .38 போன்ற நடுத்தரக் காலிபர்களால் சுடப்பட்டவர் இறப்பதற்கான சாத்திய விகிதம் இரண்டேகால் மடங்காக இருந்தது; .40, .45 போன்ற பெரிய காலிபர்களில் அது நான்கரை மடங்கு. காயங்களின் எண்ணிக்கையிலோ அவை பட்ட இடத்திலோ இந்த மூன்று வகைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாக்கியவர்கள் அனைவரும் சிறு காலிபரையே பயன்படுத்தியிருந்தால், துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கும் என்று அவர்கள் கணித்தனர். ஒரு நகரத்தின் ஐந்தாண்டுத் தரவு என்பதை மனத்தில் கொண்டே இதனை வாசிக்க வேண்டும். ஆயினும், 'கொல்பவன் எதைக் கொண்டும் கொல்வான்' என்னும் பழைய வாதத்தை இது வலுவிழக்கச் செய்கிறது.

9 மி.மீ. போதும் என்று எஃப்.பி.ஐ. சொல்வதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. அந்த அமைப்பு பேசுவது நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடையே, பயிற்சி பெற்ற அதிகாரியின் கையில் உள்ள வேறுபாட்டை. பாஸ்டன் ஆய்வு பேசுவது, சுடப்பட்டவர் பிழைப்பாரா என்பதை.

ஒருவரின் தேர்வு, அதில் பங்கில்லாத மற்றவர்மேல் சுமத்தும் செலவைப் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். புகை கக்கும் ஆலைக்கு, அது விளைக்கும் கேட்டின் அளவுக்கேற்ப வரி விதிக்க வேண்டும் என்பது நூறாண்டுப் பழைமையுடைய கருத்து. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு கைத்துப்பாக்கிகளுக்கு 10 சதவீதமும், நீள்குழல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீதமும் வரி விதிக்கிறது. அந்த வருவாய் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. முயல் சுடும் .22 தோட்டாவுக்கும், நகரத் தெருக்களில் உயிர் பறிக்கும் .40 தோட்டாவுக்கும் வரி விகிதம் ஒன்றே. காலிபருக்கேற்ப வரியை மாற்றினால் குற்றவாளி உடனே மனம் மாறிவிடமாட்டான். ஆனால், சட்டப்படி வாங்குபவரின் தேர்வு மெல்ல மாறும். அதைத் தொடர்ந்து கைமாறும் துப்பாக்கிகளின் தன்மையும் மாறும்.

இதனால் தீராத பகுதியும் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்த 48,204 பேரில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்வோரில் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுகின்றனர். அங்கே எந்தக் காலிபர் என்பதைவிட, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருந்ததா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. ஒன்பதா, நாற்பதா, நாற்பத்தைந்தா என்று கடையில் நின்று யோசிப்பவர், தம் வீட்டில் இருப்பவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்த பின், எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்று வீடு திரும்பினால், அதுவும் அறிவார்ந்த தேர்வுதான்.