மாடியில் இருந்து நாயை வீசினார்! அபராதம் எவ்வளவு?

சென்னையை அடுத்த குன்றத்தூர். 2016 ஜூலை மாதம். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் மொட்டை மாடியில் இருந்து ஒரு நாயைத் தூக்கி வீசினார். அதை இன்னொரு மாணவர் படம் பிடித்தார்!

படம் ஊரெங்கும் பரவியது. இருவரையும் போலீசார் கைது செய்தார்கள். நாய் சாகவில்லை. எலும்பு முறிந்து கிடந்த அதைச் சில நாள் கழித்துக் கண்டுபிடித்து, 'பத்ரா' என்று பெயர் வைத்தார்கள்.

மிருகவதை தடுப்புச் சட்டத்தில் தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான்! மேல்-சபை உறுப்பினராக இருந்த ருக்மணி தேவி அருண்டேல் பாடுபட்டு, 1960-ம் ஆண்டு வந்த சட்டம் இது. அப்போது 50 ரூபாய் பெரிய பணம். 2016-லும் அதே 50 ரூபாய்தான்!

மருத்துவப் பல்கலைக்கழகம் தனியாக விசாரித்து, ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

குன்றத்தூரில் படம் இருந்தது. இரும்பை போன்ற சிற்றூரில், யாரும் பார்க்காத நேரத்தில் வீட்டு நாயின் காலை ஒருவன் ஒடித்துவிட்டால்?

வழி உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தின் 325-வது பிரிவுப்படி, விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், முடமாக்கினாலும் 5 ஆண்டு வரை சிறை. முதலில் நாயை அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காயத்துக்கு டாக்டரிடம் சான்று வாங்கி, போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரர், பகை எதற்கு?" என்று சிலர் நாள் கடத்துவார்கள். 1960-ம் ஆண்டு சட்டப்படி வழக்குத் தொடர 3 மாதம்தான் கெடு.