காய்கறிக் கடையில் விற்ற இசைத்தட்டு

புலம்பெயர்ந்தவர்களின் மரபை ஊடகம் காப்பாற்றுகிறது என்றால், ஊர்ப் பாட்டு கடல் தாண்டி வரும், போனவர்கள் கேட்டு உருகுவார்கள் என்றுதான் நினைக்கிறோம். அது பாதிக் கதை. ஜெர்மனிக்குப் போன துருக்கியரைப் பார்த்தால் மீதி விளங்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

1961இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, மேற்கு ஜெர்மனித் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தார்கள். கொஞ்ச காலம் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. 1964இல் கொலோன் நகர வானொலி துருக்கி மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது. எல்லாம் கரிசனம்தான் என்று எண்ணிவிட வேண்டாம். கம்யூனிஸ்ட் நாடுகளின் துருக்கி மொழி ஒலிபரப்பு இவர்கள் காதில் விழுகிறதே என்ற கவலையும் இருந்தது.

அதே கொலோனில் துர்க்குவோலா என்றொரு இசைத்தட்டு நிறுவனம். அதன் தட்டுகள் ஜெர்மன் இசைக் கடைகளுக்குப் போகவில்லை. துருக்கியரின் மளிகை, காய்கறிக் கடைகளில் விற்றன. கத்திரிக்காய் வாங்க வந்தவர் கூடவே ஒரு பாட்டையும் வாங்கிப் போனார். எத்தனை விற்றாலும் ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டுகள் ஏறவே இல்லை.

துர்க்குவோலாவுக்குப் பாடியவர்களில் ஒருவர் மெத்தின் துர்கோஸ், ஃபோர்டு கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. துருக்கியில் ஆஷிக் என்று ஒரு பாடகர் மரபு உண்டு. சாஸ் என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை மீட்டி, கண்டதையும் பட்டதையும் பாட்டாகக் கட்டுவார்கள். இவரும் அப்படித்தான் கட்டினார். ஆனால் பாட்டுக்குள் வந்தது ஆலையும் மேஸ்திரியும். நடுநடுவே ஜெர்மன் சொற்கள். சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். பழைய பாட்டை அப்படியே ஒப்பிப்பவரைவிட இவர்தான் அசல் ஆஷிக் என்பேன் நான். இருக்கும் இடத்தைப் பாடுவதுதானே அவர்கள் தொழில்?

அப்புறம் கேசட் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடிதத்துக்குப் பதில் குரலையே பதிந்து அனுப்பினார்கள். வளைகுடா போன நம்மவர்களும் இதைச் செய்ததுண்டு. வீடியோ வந்தபோது வீட்டுக் கூடமே கொட்டகை ஆயிற்று. 1990இல் துருக்கி அரசுத் தொலைக்காட்சி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே ஒரு சானல் தொடங்கியது.

இனி எல்லாம் ஊரிலிருந்தே நேராக வந்துவிடும், இங்கே புதிதாக எதுவும் முளைக்காது என்று தோன்றும். ஆனால் 1995இல் கார்ட்டெல் என்ற குழு வந்தது. பெரும்பாலும் ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைகள்; துருக்கி நாட்டுப்புற இசையைக் கலந்து, துருக்கி மொழியில் ராப் பாடினார்கள். அந்த ஆல்பம் ஜெர்மனியைவிட துருக்கியில்தான் சக்கைப்போடு போட்டது.